எலிக்குட்டிகளும் ஈரத் தூரிகையும்

மதிப்பிற்குரிய ஐயா,

எலிகளின் தாய்மை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. என் மகன் 32 வாரத்திலேயே பிறந்தவன். மூன்று வாரம் இன்குபேட்டரில் இருந்தான். பக்கவாட்டுத் துவாரம் வழியாகக் கையை விட்டுத் தொடலாம், அவ்வளவுதான். இப்போது அவனுக்கு ஆறு வயது. தொட்டதற்கெல்லாம் அழுகிறான், என்னை விட்டு நகர மாட்டேன் என்கிறான். தாயைப் பிரிந்த குட்டிகளின் உடலே மாறிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் எல்லாம் அன்றைக்கே முடிந்துவிட்டதா? இன்னொன்றும் கேட்க வேண்டும். தாய்ப்பாசம் என்பது கடைசியில் சூடும் பாலும் நாக்கும்தானா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

மைரன் ஹோஃபரின் ஆய்வை அந்தக் கட்டுரையில் இரண்டே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனேன். பிழை என்னுடையது. பாதியை மட்டும் சொன்னால் பயம்தான் மிஞ்சும். மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

ஹோஃபர் நியூயார்க்கில் வேலை பார்த்த மனநல மருத்துவர். ஒருநாள் காலையில் ஆய்வகத்துக்கு வந்தால், ஒரு தாய் எலி கூண்டைக் கடித்து வழி உண்டாக்கி இரவோடு இரவாக ஓடிப்போயிருந்தது. குட்டிகள் மட்டும் கிடந்தன. அவற்றின் இதயத் துடிப்பு ஏறக்குறைய பாதியாகச் சரிந்திருந்தது. தாயைக் காணாத ஏக்கம் என்று நாம் சொல்லிவிடுவோம். அவர் அப்படி விடவில்லை. தாய் போனபோது சரியாக எதெது போனது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார்.

முதலில் குளிராக இருக்கலாம் என்று சூடு கொடுத்தார். துவண்டு கிடந்த குட்டிகள் ஓடியாட ஆரம்பித்தன. துடிப்பு மட்டும் ஏறவில்லை. சரி, பசியாக இருக்குமோ என்று மெல்லிய குழாய் வழியாக வயிற்றுக்குப் பாலை விட்டார். துடிப்பு ஏறியது. எவ்வளவு பாலோ அவ்வளவு துடிப்பு. வயிற்றுக்குள் பால் வந்த செய்தி நரம்பு வழியாகப் போய்ச் செய்த வேலை அது. ஆக, குட்டியின் சுறுசுறுப்பு தாயின் சூட்டோடும், இதயம் அவளுடைய பாலோடும் கட்டப்பட்டிருக்கின்றன. 'தாய்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது பல இழைகள் சேர்ந்த கயிறு. அறுந்தால் எல்லாம் ஒன்றாக அறுந்த மாதிரி தெரியும். ஆனால் ஒவ்வோர் இழையையும் தனியாக எடுத்துக் கட்ட முடிகிறது. கட்டுரையில் நான் விட்டுவிட்டது இதைத்தான்.

தொடுதல் என்ற இழையைப் பிடித்தவர்கள் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சால் ஷான்பெர்க்கும் சிந்தியா குன்னும். தாயைப் பிரித்ததும் குட்டிகளின் வளர்ச்சி ஹார்மோன் இறங்கியது. லேசாக வருடிப் பார்த்தார்கள், பலனில்லை. கடைசியில் ஒரு தூரிகையை ஈரமாக்கி, தாய் நக்குவது போல அழுத்தித் தேய்த்தார்கள். ஹார்மோன் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஓர் ஆராய்ச்சியாளர் உட்கார்ந்து, கட்டைவிரல் அளவு குட்டியை ஈரத் தூரிகையால் தேய்த்துக்கொண்டிருக்கும் காட்சி எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது. (குட்டிகளை இப்படிப் பிரித்துப் பார்ப்பது எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. அதைத் தனியாக ஒருநாள் எழுத வேண்டும்.)

தூரிகையிலிருந்து உங்கள் இன்குபேட்டருக்கு நேராக ஒரு வழி உண்டு. 1986இல் டிஃப்பனி ஃபீல்ட், ஷான்பெர்க் முதலியோர் குறைமாதக் குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இன்குபேட்டரின் துவாரம் வழியாகவே கையை விட்டு, தினம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 15 நிமிடம், பத்து நாள் தேய்த்துவிட்டார்கள். மற்றக் குழந்தைகளைவிட இந்தக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 47 சதவீதம் கூடுதலாக எடை ஏறியது. ஆறு நாள் முன்னதாகவே வீட்டுக்குப் போனார்கள். இங்கேயும் மெதுவாக வருடினால் குழந்தைக்குக் கூச்சம்தான். கொஞ்சம் அழுத்தம் வேண்டும்.

பிரிவு என்றாலே கேடு என்பதும் சரியில்லை. 1950களில் சீமோர் லெவின் என்ற உளவியலாளர் சில எலிக்குட்டிகளுக்கு தினமும் மின் அதிர்ச்சி கொடுத்தார். சிலவற்றைச் சும்மா சில நிமிடம் வெளியே எடுத்துத் திரும்ப வைத்தார். மீதியைத் தொடவே இல்லை. அதிர்ச்சி வாங்கியவைதான் பயந்தாங்கொள்ளிகளாக வளரும் என்று எதிர்பார்த்தார். முதல் இரண்டு கூட்டமும் தைரியமாக வளர்ந்தன. பயந்து நடுங்கியது, யாரும் தொடாத மூன்றாவது கூட்டம்! திரும்பி வந்த குட்டியைத் தாய் கூடுதலாக நக்குவது காரணமாக இருக்கலாம் என்று பிற்பாடு விளக்கம் சொன்னார்கள்.

கால அளவையும் பாருங்கள். எலிக்குட்டி கண் திறக்கவே இரண்டு வாரம் ஆகும். மூன்று வாரத்தில் பால்குடி முடிந்துவிடும். அதன் குழந்தைப் பருவத்தில் ஓர் இரவு என்பது பெரிய துண்டு. அதை அப்படியே மனிதக் கணக்கில் பெருக்கிப் பார்க்காதீர்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வி. பாசத்தை அளக்க ஹோஃபர் புறப்படவில்லை. ஒரு குட்டியின் இதயம் ஏன் மெதுவாகத் துடிக்கிறது என்றுதான் பார்த்தார். 'பாலும் சூடும்தானா' என்று கேட்கிறீர்கள். அந்தத் 'தானா'வோடுதான் எனக்குத் தகராறு. நீங்கள் பக்கத்தில் படுத்திருப்பதே இன்னொரு உயிரின் துடிப்பை நடத்துகிறது என்றால் அது சின்ன விஷயமா?

அந்த மூன்று வாரமும் உங்கள் மகனுக்குச் சூட்டை இயந்திரம் கொடுத்தது. பாலும் எப்படியோ உள்ளே போயிருக்கிறது. துவாரம் வழியாகக் கையை விட்டது நீங்கள். எந்த இழையும் முழுக்க அறுந்துபோகவில்லை. ஆறு வயதில் அவன் அழுவதற்கு இன்றைய காரணம் ஏதாவது இருக்கும். இன்குபேட்டரைக் கொஞ்சம் மறந்துவிட்டு, அவனிடமே கேட்டுப் பாருங்கள்.