வயிற்றுக்குள் ஜெல்லிக் கட்டி: சூடான கீமோ செய்யலாமா?

கேள்வி: அப்பச்சிக்கு வயிறு முழுக்க ஜெல்லி மாதிரி கட்டி. பெரிய ஆபரேஷன், கூடவே 'ஹைப்பெக்' என்ற சூடான கீமோ வேண்டும் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

எங்கள் பெரியாத்தாவுக்கும் இதே நோய்தான், பெயர் சூடோமிக்சோமா பெரிட்டோனி. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கு வருவது. பெரும்பாலும் குடல்வாலில் தொடங்கும். அங்கே சளி சுரக்கும் கட்டி உடைந்து, செல்கள் வயிறெங்கும் ஒட்டிக்கொண்டு சுரந்துகொண்டே இருக்கும். பெண்களுக்கு இது சினைப்பைக் கட்டி போலத் தெரிவதுண்டு. காரைக்குடியில் எடுத்த முதல் ஸ்கேனில் பெரியாத்தாவுக்கும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

"கொதிக்க வச்ச மருந்தயா ஊத்தப் போறாக?" என்று பெரியாத்தா பயந்தார்கள். 41 முதல் 43 டிகிரி செல்சியஸ்தான், நாம் குளிக்கிற வெந்நீர்ச் சூடு. மைட்டோமைசின் போன்ற மருந்தை அந்தச் சூட்டில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் வயிற்றுக்குள் சுற்றவிட்டு வடித்துவிடுவார்கள். நோயாளிக்கு மயக்கத்தில் எதுவும் தெரியாது.

பெயர் வாங்குவது கீமோ, வேலை செய்வது கத்தி. மருந்து திசுவுக்குள் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். அதனால் கண்ணுக்குத் தெரிகிற கட்டியையெல்லாம் முதலில் எடுத்தாக வேண்டும். வயிற்றின் உள்சவ்வு, குடலை மூடிய கொழுப்புத் திரை, தேவைப்பட்டால் மண்ணீரல், குடலில் ஒரு துண்டு என்று போகும். பத்து மணி நேரம் ஆவதும் சகஜம். இந்த முறையை வளர்த்தெடுத்தவர் அமெரிக்க அறுவை மருத்துவர் பால் சுகர்பேக்கர். எனவே "ஹைப்பெக் மெஷின் இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "இந்த நோய்க்கு இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், முழுசாக எடுக்க முடியுமா?" என்று கேளுங்கள். மதுரையோ சென்னையோ, பதில் எங்கே தெளிவாக வருகிறதோ அங்கே போங்கள்.

பயாப்ஸி பிளாக்கை (சோதனைக்கு எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்த கட்டியை) இன்னொரு நோய்க்குறியியல் நிபுணரிடமும் காட்டிவிடுங்கள். காரணம் இருக்கிறது. பெருங்குடல் புற்று வயிற்றில் பரவியவர்களிடம் பிரான்சில் நடந்த பிரோடிஜ் 7 ஆய்வில் (2021), அறுவையோடு ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தால் ஹைப்பெக் சேர்த்தும் ஆயுள் கூடவில்லை. எந்த வகைக் கட்டி என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே.

அப்புறம் சாப்பாடு. ஆபரேஷனுக்குப் பிறகு குடல் மெதுவாகத்தான் விழிக்கும். பார்க்க வருகிற பங்காளிகள் மணகோலமும் சீப்புச் சீடையும் தூக்கிக்கொண்டு வருவார்கள், வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். மண்ணீரலை எடுக்க வேண்டிவரலாம் என்றால் நிமோனியா, மூளைக்காய்ச்சல் தடுப்பூசிகளை முடிந்தவரை 2 வாரம் முன்பே போடச் சொல்லிக் கேளுங்கள்.