குப்பை போடப் போனதில் 280 யூரோ

கேள்வி: என் மகன் ஜெர்மனியில் கெம்னிட்ஸ் நகரில் கடந்த அக்டோபரில் எம்.எஸ். சேர்ந்தான். ப்ளாக்டு அக்கவுண்ட்டில் (மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்ற கணக்கு) போட்ட 11,904 யூரோவிலிருந்து மாதம் 992 யூரோ அவன் கைக்கு வருகிறது. முதல் குளிர்காலமே ஆளைப் புரட்டி எடுத்துவிட்டது. ஞாயிறு இரவு குப்பை போட வெளியே போனவன், சாவியை உள்ளே விட்டுவிட்டான். கதவு சாத்திக்கொண்டது. திறந்துவிட்டவருக்கு 280 யூரோ. குளிரில் போன் அணைந்து டிராமில் டிக்கெட்டைக் காட்ட முடியாமல் 60 யூரோ அபராதம். கோட்டும் பூட்ஸும் 210. நண்பனிடம் கடன் வாங்கிச் சமாளித்திருக்கிறான். இப்போது ஒன்றரை லட்சம் கேட்கிறான். எஃப்.டி.யை உடைக்கவா, கிரெடிட் கார்டில் எடுத்து அனுப்பவா?
– வாசகர், திருச்சி

பதில்: ஒன்றரை லட்சம் வேண்டாம். நீங்கள் எழுதியதைக் கூட்டினால் 550 யூரோ. யூரோ 105 ரூபாய் என்று வைத்தாலும் 58,000-க்குள் முடிகிறது. மீதி எதற்கு என்று பதமாகக் கேளுங்கள். அடுத்து என்ன வருமோ என்ற பயத்தில் கேட்டிருப்பான் என்றுதான் எனக்குப் படுகிறது. ப்ளாக்டு அக்கவுண்ட்டில் இன்னும் பணம் கிடக்கிறதே என்று நினைக்காதீர்கள். மாத வரம்புக்கு மேல் அதை எடுக்க முடியாது.

அந்த 60 யூரோவை அப்படியே கட்ட வேண்டியதில்லை. அன்று அவன் பெயரில் செமஸ்டர் டிக்கெட் என்ற மாணவர் பாஸ் இருந்தது என்றால், ஒரு வாரத்துக்குள் டிராம் நிறுவன அலுவலகத்தில் அதைக் காட்டினால் அபராதம் பொதுவாக 7 யூரோவாகக் குறையும். நாள் கடந்திருந்தாலும் போய்க் கேட்கட்டும். கேட்பதற்குக் காசு இல்லை.

பூட்டுக்காரர் விஷயம் வேறு. பூட்டாமல் வெறுமனே சாத்திய கதவுக்கு 280 யூரோ அதிகம்தான். ரசீது இருந்தால் 'ஃபெர்பிராவுஹர்சென்ட்ராலே' என்ற நுகர்வோர் ஆலோசனை மையத்தில் கேட்கலாம். அங்கே ராத்திரியில் ஆளைக் கூப்பிடுவதற்கு முன் போனிலேயே மொத்தத் தொகையைப் பேசி முடிக்க வேண்டும். ஒரு மாற்றுச் சாவியை நண்பன் வீட்டில் வைத்தால் அந்தப் பேச்சே வராது.

இதைவிடப் பெரிய ஆபத்து சாவி தொலைவது. கட்டடம் முழுக்க ஒரே பூட்டு அமைப்பு என்றால் எல்லாவற்றையும் மாற்றும் செலவு இவன் தலையில் விழலாம். அது ஆயிரக்கணக்கான யூரோ. அதற்குத்தான் 'ஹாஃப்ட்ஃப்லிஷ்ட்' என்ற பொறுப்புக் காப்பீடு. ஆண்டுக்குச் சுமார் 50 யூரோ. சாவி தொலைவதும் அதில் அடங்குகிறதா என்று பார்த்து, இந்த மாதமே எடுக்கச் சொல்லுங்கள்.

ஹீட்டர் பற்றி நீங்கள் கேட்கவில்லை; நான் கேட்கிறேன். காசு மிச்சம் என்று நம் பிள்ளைகள் பலர் ஹீட்டரை அணைத்து, ஜன்னலையும் இறுக மூடி, உள்ளேயே சாம்பார் கொதிக்க விடுகிறார்கள். ஈரம் சுவரில் படிந்து பூஞ்சை பிடிக்கும். காலி செய்யும்போது வீட்டுக்காரர் அட்வான்ஸில் கைவைப்பார். வால்வை 3-இல் வைத்தால் அறை 20 டிகிரியை ஒட்டி இருக்கும். தினமும் சில தடவை ஐந்து நிமிடம் ஜன்னலை முழுதாகத் திறந்து மூடினால் போதும். வாடகையில் ஹீட்டிங் செலவு முழுதும் அடக்கமா, மாதாமாதம் ஒரு தோராயத் தொகையை மட்டும் முன்கூட்டிக் கட்டுகிறானா என்றும் பார்க்கட்டும். முன்கூட்டிக் கட்டுவது தோராயத் தொகைதான் என்றால் இந்தக் குளிரின் கூடுதல் பில் அடுத்த ஆண்டுதான் வரும்.

பணத்துக்கு வருவோம். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்கவே வேண்டாம்; கட்டணமும் உண்டு, முதல் நாளிலிருந்தே வட்டியும் ஓடும். எஃப்.டி.யை உடைக்காமல் அதன் மேல் ஓவர்டிராஃப்ட், அதாவது அதை ஈடாக வைத்துக் கடன், வாங்குங்கள். எஃப்.டி. வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதல். 65,000 அனுப்பினால் நண்பனின் கடனும் காப்பீடும் முடியும். இன்னொரு 50,000-ஐ அவசரத்துக்கென்று உங்கள் சேமிப்புக் கணக்கிலேயே வைத்திருங்கள்.

அனுப்புமுன் ஒன்று. ப்ளாக்டு அக்கவுண்ட்டுக்குச் சொந்தப் பணத்திலிருந்து அனுப்பியிருந்தால், 2025-26 நிதியாண்டுக்கான 10 லட்சம் வரம்பை உங்கள் பான் எண் தாண்டியிருக்கும். அந்த நிதியாண்டு முடியும்வரை மேலும் அனுப்புவதற்கு 5% டி.சி.எஸ்., அதாவது வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். அம்மாவுக்குச் சொந்தச் சேமிப்பு இருந்தால் அவர் கணக்கிலிருந்து அனுப்பலாம். பிடித்தாலும் ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம்.

பகுதிநேர வேலைக்குப் போகச் சொல்லி இப்போது நெருக்காதீர்கள். பிப்ரவரியில் தேர்வு. அது முடிந்து விடுமுறையில் போகட்டும்; 2026 ஜனவரி முதல் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ.