இன்க்ளிசிரான் ஊசி மரபணுவை மாற்றுமா?

வணக்கம். கொழுப்பைக் குறைக்கத் தங்கள் தந்தையாருக்குப் பரிந்துரைக்கப்பட்ட இன்க்ளிசிரான் ஊசி மரபணுவையே மாற்றிவிடுமோ என்று அஞ்சியிருந்தீர்கள், மாற்றாது. அது டிஎன்ஏவைத் தொடுவதில்லை. கெட்ட கொழுப்பை இரத்தத்திலிருந்து உள்ளிழுக்கும் ஏற்பிகளை அழியச் செய்வது பிசிஎஸ்கே9 என்ற புரதம். கல்லீரல் செல்களில் அந்தப் புரதத்துக்கான செய்தியைச் சுமக்கும் தூது ஆர்என்ஏவை மட்டும் இந்த ஊசி துண்டாக்கச் செய்வதால், அந்த ஏற்பிகள் அழியாமல் பெருகுகின்றன.

தூது ஆர்என்ஏவை இப்படி முடக்கும் வழியைக் காட்டியது ஒரு புழு ஆய்வு. 1998இல் விஞ்ஞானிகள் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுக்களுக்குத் தசைப் புரதம் ஒன்றுக்குரிய ஆர்என்ஏவைச் செலுத்தியபோது, ஒற்றை இழை ஏறத்தாழ எதுவும் செய்யாதிருக்க, இரட்டை இழை பெற்றவற்றின் சந்ததி, அந்தப் புரதத்துக்கான செய்தி முடக்கப்பட்டதால், துடிதுடித்தது. அந்தத் துடிப்புத்தான் 2006இல் நோபல் பரிசு வரை சென்றது.

இரண்டாம் ஊசி 3 மாதத்திலும், பின்னர் 6 மாதத்துக்கு ஒருமுறையும் போடவேண்டியிருப்பதே விளைவு நிரந்தரமானதன்று என்பதற்குச் சான்று. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.