புதுச்சேரி சான் ஸ்டார்ம்: 12 லட்சம் கொடுக்கலாமா?

கடலூரில் இருக்கும் நீங்கள் புதுச்சேரியில் ஒரு பழைய சான் ஸ்டார்மைப் (இந்தியாவில் தயாரான இரண்டு இருக்கை திறந்த கார்) பார்த்துவிட்டு, 12 லட்சம் ரூபாய்க்கு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் ஃபெராரி விலை எகிறியதால் தன் சான் ஸ்டார்மின் விலையும் ஏறிவிட்டது என்று விற்பவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

1960களின் ஃபெராரி 250 ஜிடிஓ காரைத் தயாரித்ததே மொத்தம் 36 தான். பந்தய வரலாறும் உண்டு. அதனால்தான் 2018இல் ஒன்று 4.84 கோடி டாலருக்கு ஏலம் போனது. வண்டி அரிதாக இருந்தால் மட்டும் போதாது, போட்டி போட்டுக் கேட்க ஆள் வேண்டும். ஸ்டார்முக்கு அப்படிப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். விற்பவர் காட்டிய ஆன்லைன் விளம்பரங்களில் இருப்பதும் கேட்கிற விலைதான், விற்ற விலை இல்லை.

பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். பாடி ஃபைபர், துருப்பிடிக்காது. அடியில் இருக்கும் இரும்புச் சட்டம் துருப்பிடிக்கும், அதுவும் நம்ம ஊர் உப்புக்காற்றில். வண்டியை லிஃப்டில் ஏற்றி, வெல்டிங் இணைப்புகளையும் சஸ்பென்ஷன் மாட்டும் இடங்களையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் அழுத்திக் குத்துங்கள்.

அப்புறம் ஆர்.சி. (பதிவுச் சான்று). 15 வருடம் தாண்டிய வண்டி, புதுப்பித்திருக்கிறாரா? கடலூரிலேயே வைத்துக்கொள்வதென்றால் புதுச்சேரி என்ஓசி (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டுப் பதிவு, வரி எல்லாம் உங்கள் தலையில். 50 வருடம் ஆகாததால் வின்டேஜ் (பழங்கால வண்டி) பதிவும் கிடைக்காது.

முதலீடாக இல்லாமல் ஓட்டும் ஆசைக்கு என்றால் அடித்துப் பேசி வாங்குங்கள். ஆனால் முன்கண்ணாடி உடைந்தால் மாற்றுக் கண்ணாடி குதிரைக்கொம்புதான்.