கல்யாண மண்டபத்தில் டை-சப் பிரிண்டர் கட்டுப்படியாகுமா?

கே: மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் போட்டோ கடை வைத்திருக்கிறேன். தோட்டத்துக் கோயில் திருவிழா, கல்யாணங்களில் உடனுக்குடன் படம் கொடுக்க டை-சப் (டை சப்ளிமேஷன்) பிரிண்டர் நல்லதா, மை தெளிக்கும் இங்க்ஜெட்டா?

ப: 4ஆர் (4×6 அங்குல) படம் மட்டும் என்றால் டை-சப். ரிப்பனில் உள்ள மஞ்சள், மெஜந்தா, சயான் சாயங்கள் சூட்டில் ஒவ்வொன்றாகத் தாளுக்குள் இறங்கும். நான்காம் சுற்றில் மேலே காப்புப் பூச்சு. படம் காய்ந்தே வெளிவருவதால் ஈரக்கை பட்டாலும் கலையாது. திருவிழா இல்லாத மாதங்களில் சும்மா கிடந்தாலும், இங்க்ஜெட் போல மை வரும் முனை அடைத்துக்கொள்ளாது.

செலவில்தான் கவனம் வேண்டும். கறுப்பு வெள்ளைப் படமானாலும் ரிப்பனில் நான்கு பகுதியும் முழுசாகப் போகும். கேனனின் செல்ஃபி டை-சப் பிரிண்டருக்கான ஆர்பி-108 என்ற 108 தாள் பெட்டியில் 54 படத்துக்கான ரிப்பன் இரண்டு இருக்கும். வீணாகும் தாளும் உண்டு. எனவே பெட்டி விலையை 108ஆல் வகுக்காமல் 100ஆல் வகுத்து விலை வையுங்கள். ஏ4 கேட்டு வருகிறவரை இங்க்ஜெட் பக்கம் அனுப்பிவிட வேண்டியதுதான்.

கே: படத்தில் புள்ளியும் கோடும் விழுகின்றன.

ப: புள்ளி என்றால் தூசி. ஒவ்வொரு நிறத்துக்கும் தாள் வெளியே வந்து உள்ளே போகிறது. செம்மண் சாலையோரப் பந்தலில் அதற்குள் தூசி ஒட்டிவிடும். மஞ்சள் சுற்றில் மட்டும் ஒட்டியிருந்தால் அந்த இடம் நீலமாகத் தெரியும். மின்விசிறிக்கு எதிரே வைக்காதீர்கள். தாளின் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். பின்புறம் தாள் நீள இடம் விடுங்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நேர்க்கோடு வந்தால் சூட்டுத் தலையில் (ரிப்பனுக்குச் சூடு கொடுக்கும் பகுதி) அழுக்கு அல்லது சேதம். கோணலான சுருக்கக் கோடு என்றால் ரிப்பன் தொய்வு. ரிப்பனைப் போடும் முன் அதன் பல்சக்கரத்தைத் திருப்பி இறுக்குங்கள்.

கே: 35×50 மி.மீ. படம் ஒரு தாளில் எத்தனை?

ப: செல்ஃபி தாள் 100×148 மி.மீ. கணக்குப்படி எட்டு. ஆனால் ஓரமில்லாமல் அடிக்கும்போது படம் சற்றுப் பெரிதாகி விளிம்பு வெட்டுப்படும். அளவு கண்டிப்பாகக் கேட்கும் படத்துக்கு நான்கே வைத்து, அடித்தபின் அளவுகோலால் சரிபாருங்கள்.

கே: இதில் மக், டீ-சட்டை அடிக்கலாமா?

ப: முடியாது. அதற்குச் சப்ளிமேஷன் மை ஊற்றிய இங்க்ஜெட்டும் சூட்டில் அழுத்தும் ஹீட் பிரஸ்ஸும் வேண்டும். பெயர் ஒற்றுமை பலரை ஏமாற்றுகிறது.

கே: தீர்ந்த ரிப்பனை அப்படியே வீசலாமா?

ப: வேண்டாம். அடித்த ஒவ்வொரு முகமும் அதில் நெகட்டிவாகத் தெரியும். அடையாள அட்டைப் படம் அடித்திருந்தால், உருவி எடுத்துக் கத்தரியால் துண்டாக்கிய பிறகே குப்பையில் போடுங்கள்.