எல்லாருக்கும் தெரிந்த பிடி, தப்பிக்கத்தான் முடியவில்லை

கேள்வி: ஜியு-ஜிட்சு என்ற, மல்யுத்தம் போன்ற தற்காப்புக் கலையைப் பழகும் என் மகன் எப்போதும் பிரேசில் வீரர் ரோஜர் கிரேசியின் வீடியோக்களையே பார்க்கிறான். எதிராளியின் மார்பில் உட்கார்ந்து கழுத்தை நெரிக்கிறார், எல்லாவற்றிலும் அதேதான். இதில் அப்படி என்ன திறமை?
- வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: அதுதாங்க திறமையே! புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லித்தரும் பிடி அது. ஒரு கையின் நான்கு விரல்கள் எதிராளியின் பயிற்சி உடைக் காலருக்குள் பிடரி வரை போகும், மறு கை குறுக்கே வந்து அடுத்த பக்கக் காலரைப் பிடிக்கும், இரண்டு மணிக்கட்டும் கழுத்தின் இருபுறமும் ரத்தக்குழாயை அழுத்தினால் சில நொடிகளில் எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டிவிடுவார். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ரோஜர் அவசரப்பட மாட்டார், முதலில் முழு எடையையும் மார்பில் இறக்கி, முழங்கால்களை மெல்ல மெல்ல அக்குள் வரை ஏற்றுவார். கீழே இருப்பவர் கழுத்தைக் காக்கக் கையை உயர்த்தினால் கை மாட்டும், கையைக் காத்தால் கழுத்து போச்சு. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் பஸ் ஓட்டுகிறவரின் நிதானம் அது.

கறுப்புப் பட்டையில் 10 உலகப் பட்டங்கள். 2005இல், அந்தக் காலர் உடை அணியாமல் மோதும் ஏடிசிசி என்ற சர்வதேசப் பிடிச்சண்டைப் போட்டியில், எதிர்த்த 8 பேரையும் தட்ட வைத்தார். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 2017 ரியோ போட்டிதான்: 35 வயதில், தன்னைவிட இளையவரான உலக சாம்பியன் புஷேஷாவைப் பின்னாலிருந்து காலர் பிடியில் வீழ்த்திவிட்டு, அதோடு ஓய்வு பெற்றார். மகனோடு உட்கார்ந்து அதைப் பாருங்கள். அப்புறம், கழுத்துப் பிடியை வீட்டில் தம்பி தங்கையிடம் பழக விடாதீர்கள், பயிற்சியாளர் முன்னால் மட்டும்தான்.