விண்ணப்பமும் கணக்கும் கேட்காத மேக்ஆர்தர் நல்கை

அமெரிக்காவில் படைப்பாற்றல் மிக்க தனிநபர்களுக்கு வழங்கப்படும் நல்கையான மேக்ஆர்தர் ஃபெலோஷிப்புக்கு எப்படி விண்ணப்பிப்பது, எந்த நிபந்தனையும் இல்லாமல் இவ்வளவு பெரிய தொகையைத் தனி ஒருவரிடம் கொடுப்பது சரிதானா என்று இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது: விண்ணப்பிக்க முடியாது. சிகாகோவிலுள்ள மேக்ஆர்தர் அறக்கட்டளை விண்ணப்பங்களையும் ஏற்பதில்லை, தாமாக முன்வந்து எவரும் அனுப்பும் பரிந்துரைகளையும் ஏற்பதில்லை. பல துறைகளிலிருந்து பரிந்துரையாளர்களை அறக்கட்டளையே தேர்ந்து அழைக்கிறது; அவர்கள் யாரென்று வெளியே சொல்வதில்லை. அவர்கள் தரும் பெயர்களை, பன்னிரண்டு பேர் அளவிலான தேர்வுக்குழு ஒன்று ஆராய்ந்து, பெரும்பாலும் ஆண்டுக்கு இருபதிலிருந்து முப்பது பேர் வரை முடிவு செய்கிறது. தம் பெயர் பரிசீலனையில் இருந்தது என்பதே தொலைபேசி அழைப்பு வரும்போதுதான் தேர்வானவருக்குத் தெரியும். ஆகவே விண்ணப்பம் தயாரித்துத் தருகிறேன் என்று யாராவது கட்டணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். தொகை இப்போது 8,00,000 டாலர். ஐந்தாண்டுகளில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 40,000 டாலர் வீதம் வருகிறது. அதற்கு வருமான வரி உண்டு. எதற்குச் செலவழித்தீர்கள் என்ற கேள்வி மட்டும் எந்தக் கட்டத்திலும் வராது.

இரண்டாவது கேள்விக்குத்தான் நான் விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனெனில் நான் பல ஆண்டுகளாக ஆய்வுத் திட்டங்களுக்கு நிதி கேட்டு எழுதிவரும் ஆசிரியன். நம் நாட்டில் ஒரு திட்ட முன்மொழிவு எழுதும்போது மூன்றாம் ஆண்டு முடிவில் என்ன கண்டுபிடித்திருப்போம் என்பதை முதல் ஆண்டு தொடங்கும் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். கருவிக்கு ஒரு தலைப்பு, வேதிப்பொருள்களுக்கு ஒரு தலைப்பு, பயணத்துக்கு ஒரு தலைப்பு என்று பணம் பிரிக்கப்பட்டிருக்கும். பயணத் தலைப்பில் பணம் மீந்து கிடந்தாலும், தீர்ந்துபோன ஒரு புட்டி வேதிப்பொருளை அதிலிருந்து வாங்கக் கடிதம் எழுதி அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். நிதியாண்டு முடியும் மார்ச் 31 தாண்டிய பின், பணத்தை எதற்குச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த தவணை நகரும். பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த ஏற்பாடு ஆய்வாளரின் நேரத்தை மட்டும் தின்பதில்லை. அவர் எந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வார் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. மூன்றாண்டுகளில் விடை கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்த கேள்விகளையே நாம் எடுத்துக்கொள்ளப் பழகிவிடுகிறோம்.

மேக்ஆர்தர் நல்கை பிறந்ததும் இதே கவலையிலிருந்துதான். டுலேன் பல்கலைக்கழகத்தின் இதய மருத்துவர் ஜார்ஜ் பர்ச், ஆய்வாளர்களை இப்படிப்பட்ட நிதித் தளைகளிலிருந்து விடுவித்துச் சிந்திக்க விட வேண்டும் என்று 1976இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். காப்பீட்டுத் தொழிலில் பெருஞ்செல்வம் சேர்த்த ஜான் மேக்ஆர்தரின் வழக்கறிஞர் வில்லியம் கர்பியின் கவனத்துக்கு அந்தக் கட்டுரை வந்தது. 1978இல் மேக்ஆர்தர் இறந்தபோது, தம் பணத்தை எந்தெந்த நற்பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று அவர் வகுத்துவைத்திருக்கவில்லை. அதனால் அறக்கட்டளையின் இயக்குநர்களுக்குப் புதிதாக ஒன்றை முயல இடமிருந்தது. மகன் ராடரிக்கும் இந்த யோசனையை வலுவாக ஆதரித்தார். 1981இல் முதல் பட்டியல் வெளிவந்தது.

அந்த முதல் ஆண்டில் தேர்வானவர்களுள் ஒருவர் பார்பரா மக்ளின்டாக். மக்காச்சோள மணிகளின் நிறப்புள்ளிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து, மரபணுக்கூறுகள் குரோமோசோமில் இடம்பெயரக்கூடும் என்று கண்டறிந்தவர். 1951இல் அதைக் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் கருத்தரங்கில் விளக்கியபோது கேட்டவர்களில் மிகச் சிலரே அதை உள்வாங்கினர். மேக்ஆர்தர் அறக்கட்டளை அவருக்கு வாழ்நாள் முழுதும் ஆண்டுக்கு 60,000 டாலர் அளித்தது. 1983இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் அவரைக் காப்பாற்றியது மேக்ஆர்தர் பணம் என்று நான் சொல்லமாட்டேன். 1940களின் தொடக்கம் முதல் அவரைப் பணியில் வைத்திருந்த கார்னகி நிறுவனம் என்ற அறிவியல் ஆய்வு அமைப்பு, சம்பளம் கொடுத்து, அவர் போக்கில் வேலை செய்ய விட்டிருந்தது. நிபந்தனையற்ற ஆதரவு என்ன செய்யும் என்பதற்கு அந்தச் சோள வயல்தான் எனக்குத் தெரிந்த மிக வலுவான சான்று. மேக்ஆர்தர் நல்கை அதே ஏற்பாட்டை நிறுவனங்களுக்கு வெளியே இருப்பவர்களுக்கும் எட்டச் செய்தது.

அப்படி வெளியே இருந்தவர் ஆக்டேவியா பட்லர். வீட்டுவேலை செய்த தாயின் மகள். பாத்திரம் கழுவுதல், உருளைக்கிழங்கு சிப்ஸைத் தரம்பார்த்தல் போன்ற கூலி வேலைகளுக்குப் போய்க்கொண்டே, இரவு இரண்டு மணிக்கு எழுந்து அறிவியல் புனைகதை எழுதியவர். 1995இல் அவருக்கு 2,95,000 டாலர் கிடைத்தது. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஒருவருக்கு இந்த நல்கை வழங்கப்பட்டது அதுவே முதல்முறை.

தமிழுக்கும் இதில் பங்குண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான ஏ.கே. ராமானுஜன், 1962இல் அங்குள்ள நூலகத்தின் கீழ்த்தளத்தில், உ.வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகையைத் தற்செயலாகக் கண்டெடுத்தார். அதை மொழிபெயர்க்க எந்தத் திட்ட முன்மொழிவிலும் அவர் முன்கூட்டியே இடம் ஒதுக்கியிருக்க முடியாது. 1983இல் அவருக்கு மேக்ஆர்தர் நல்கை கிடைத்தது. அகமும் புறமும் சேர்ந்த அவருடைய விரிவான ஆங்கிலத் தொகுப்பு 1985இல் வெளிவந்தது. தமிழிலும் பிற தென்னிந்திய மொழிகளிலும் ஆழ்ந்த புலமை உடைய டேவிட் ஷுல்மனும் 1987இல் இதைப் பெற்றார்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆண்டுதோறும் பட்டியலில் பெரிய பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள் நிறையவே இடம்பெறுகிறார்கள். அவர்களின் தகுதியை நான் ஐயப்படவில்லை. ஆனால் மாதச் சம்பளமும் ஆய்வகமும் ஏற்கெனவே உள்ளவருக்கு இந்தப் பணம் வசதியைக் கூட்டுகிறது, பட்லரைப் போன்றவருக்கோ வேலைக்குப் போகாமல் எழுதும் ஐந்தாண்டுகளையே தருகிறது. ஒருவருடைய பணிக்கு இந்த நல்கை எவ்வளவு துணைபுரியும் என்பதும் அறக்கட்டளை சொல்லும் அளவுகோல்களுள் ஒன்று என்பதால், இரண்டாம் வகையினரை இன்னும் அதிகமாகத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு உரிமையுண்டு. பெற்றவர்களில் சிலர் ஐந்தாண்டு முடிவில் எதையும் காட்டாமல் போகலாம். அந்த இழப்பை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டால்தான் மற்றவர்களை நம்ப முடியும் என்பதால், அதை நான் வீண்செலவாகக் கருதவில்லை.

அமெரிக்கக் குடிமக்களும் அங்கே வசிப்பவர்களும் மட்டுமே இதற்குத் தகுதியுடையவர்கள். தேர்தலில் வென்று பதவி வகிப்பவர்களும் உயர் அரசுப் பொறுப்பில் இருப்பவர்களும் விலக்கு. நீங்களே விண்ணப்பிக்கத்தான் வேண்டும் என்றால், அமெரிக்காவிலோ கனடாவிலோ குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்புரிமையோ உங்களுக்கு இருக்கும்பட்சத்தில், 1925இல் தொடங்கிய குகன்ஹைம் ஃபெலோஷிப்பைப் பாருங்கள். அதற்குச் செய்த வேலையின் விவரமும், செய்யவிருக்கும் வேலையின் திட்டமும், பரிந்துரைக் கடிதங்களும் கேட்பார்கள். கொடுத்த பணத்தைப் பயன்படுத்துவதில் அவர்களும் தனி நிபந்தனை விதிப்பதில்லை.